எங்கள் சைட்டில் நிற்காத பஸ்

புரட்டாசி, திங்கள் இரவு, கணபதி லே-அவுட்.

டவுன் பஸ் வீட்டு முன்னாலேயே நிற்கும் என்று சொல்லித்தான் லே-அவுட்காரர் எங்களுக்கு சைட் விற்றார். இப்போது பஸ் முதலாளியைப் பிடித்து அதை இரண்டு பர்லாங் தள்ளி, தன்னுடைய புது சைட்டுகளுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டார். இது அநியாயம். பல்லடத்தில் உழுதுகொண்டிருந்த காட்டை விற்று நான் வாங்கிய இடம் இது. டவுன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் மருமகள் தினமும் சேற்றில் நடக்கிறாள் என்று, வீட்டை விற்றுவிட்டு டவுனில் வாடகைக்குப் போகலாம் என்கிறான் மகன்; புரோக்கரிடமும் சொல்லி வைத்துவிட்டான்.

இன்று காலை எங்கள் எருமையை வீட்டு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே ஓட்டினேன். பஸ் வந்து ஹாரன் அடித்தது. எருமை நிதானமாகப் படுத்துக்கொண்டது.

"ஏனுங்க பெரியவரே, எருமையை எழுப்புங்க!" என்று டிரைவர் கத்தினார்.

"அது எந்திரிக்க நேரமாகுமுங்க. அதுக்குள்ள எங்க சனம் ஏறிக்கட்டுங்க" என்றேன்.

"இது ஸ்டாப் இல்லீங்க" என்றார் கண்டக்டர்.

"அதுதான் நின்னுபோட்டீங்களே!" என்று சொல்லிக்கொண்டே மருமகள் முதல் ஆளாக ஏறினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான்.

சாயங்காலம் வந்ததும், "நாளைக்கும் எருமையை ஓட்டுவீங்களாப்பா?" என்று கேட்டான்.

ஓட்டுவேன். பஸ் முதலாளிக்கு மருமகள் மனு எழுத வேண்டும். பக்கத்து வீட்டு டெய்லர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வீடு விற்பனைக்கு இல்லை என்று புரோக்கரிடம் மகனேதான் போய்ச் சொல்ல வேண்டும். நான் போக மாட்டேன்.