அப்பாவுக்குக் குரல் போன வாரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், நானும் நலம், என் தொண்டை மட்டும் இன்னும் தேறவில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று பயந்துவிடாதே, குரல் போய் இன்றோடு ஐந்து நாள். கல்யாணமாகி இப்போதுதான் ஒரு சீரியலை முழுசாகக் கேட்டேன் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வந்த கதையைக் கேள். போன வாரம் நல்ல மழை. டிரைவிங் ஸ்கூல் காரில் என் பக்கத்தில் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு வங்கி அதிகாரி. கண்ணாடியெல்லாம் ஏற்றிய காருக்குள் மனிதர் கியருக்கு ஒரு தும்மல் போட்டார், ரிவர்சுக்கு இரண்டு. "ஒண்ணுமில்ல சார், தூசி" என்றார். அந்தத் தூசி இரண்டு நாள் கழித்து என் மூக்கில் ஒழுகியது, அடுத்த நாள் தொண்டையில் முள்ளாய்க் குத்தியது, உடம்பு காய்ந்து தலை கனத்தது, அதற்கும் மறுநாள் காபி கேட்க வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. அலமாரியில் எப்போதோ மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை விழுங்கப் போனேன். அம்மா கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வைரஸ்தான். அந்த மாத்திரை பாக்டீரியாவுக்கு, இதுக்கு ஒண்ணும் செய்யாது. ஒரு வாரம் பத்து நாள்ல தானாப் போயிடும். காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை தர்றேன். வெதுவெதுன்னு உப்புத் தண்ணி கொப்பளிங்க, பேசாம ஓய்வெடுங்க" என்றார். குசுகுசுவென்று பேசலாமா என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். அதுவும் கூடாதாம், தொண்டைக்கு அதுவும் சிரமமாம். அதைக் கேட்ட அம்மா முகத்தில் வந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் நேற்று தையல்கடை அம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட், நான்காவது தடவை. கணவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, இனி கடை வேனை இவர் ஓட்டினால்தான் உண்டு. எனக்குக் காய்ச்சல் விட்டிருந்ததால் முந்தின நாள் முகக்கவசம் போட்டு, எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் பயிற்சிக்கு உட்கார்ந்தேன். எப்போதும் ரவுண்டானா வந்தால் நான் பிரேக் பிரேக் என்று கத்துவேன், அவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிடுவார். அன்று கத்தக் குரலில்லை. என் பக்கத்து பிரேக் மேல் காலை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் பக்கவாட்டில் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், அழகாகச் சுற்றி வெளியே வந்துவிட்டார். என் கால் பிரேக்கை அழுத்தவே இல்லை. நேற்று டெஸ்டிலும் பாஸ். இறங்கி வந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஓட்ட எப்பவோ வந்துடுச்சு. உங்க சத்தத்துலதான் கையும் காலும் ஓடாது" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றும்போது உன் நினைப்பு வந்துவிட்டது. பத்தொன்பது வயதில் பள்ளிக்கூட முனையில் காரை நிறுத்தி, சாவியை என் மடியில் போட்டுவிட்டு நடந்தே போனாய். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. என் பெண்ணுக்கு வண்டி என்றால் பயம் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ பயந்தது வண்டிக்கு இல்லை கண்ணு, எனக்கு. மனசில் வைத்துக்கொள்ளாதே. இதைப் போனில் ஆரம்பித்திருந்தால் பாதியில் ஏதாவது கத்தியிருப்பேன்.

உனக்கும் மூக்கடைப்பு, இருமல் என்று அம்மா சொன்னாள். இருமினால் முழங்கையை மடக்கி அதில் இருமு, கையை அடிக்கடி கழுவு, நீயாக மாத்திரை எதுவும் போடாதே. மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார். நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்கவேண்டும். லீவுக்கு வரும்போது காரை நீ எடு, பக்கத்தில் அம்மா உட்காரட்டும், நான் பின்சீட்டில் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா