நன்றி வரியில் என் பெயர்

நீ கட்டம் போட்டு எழுதிய நோட்டு மேஜைமேல் திறந்து கிடக்கிறது. பழைய கடலை எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைத் தின்ற கையோடு எழுதுவாயே, அந்த வாடைதான். உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் வீட்டுக்காரர் கொடுத்தார். உன்னிடம் போட வேண்டிய சண்டை ஒன்று மிச்சம் இருக்கிறது. இனி யாரிடம் போய்ப் போடுவேன்?

ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தபோது, கேஜ் தியரி என்ற துகள் இயற்பியல் பிரிவில், இரண்டு வகை மேட்ரிக்ஸ்களைப் பூச்சரம் போலக் கோத்து எத்தனை ஆப்பரேட்டர்கள் செய்யலாம் என்பதுதான் நாம் எடுத்த கணக்கு. புதிது என்று எண்ணிய சரம் மற்ற சரங்களின் கலவையாகவே இருந்து தொலைக்கும். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். "ஜாஸ்தியாவே வருதுடி, எங்கயோ ரெண்டு தடவ எண்றோம்" என்று புலம்பினாய்.

பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு மாலை. மலை சுற்றிவிட்டு அடி அண்ணாமலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சரங்களில் கோத்த மேட்ரிக்ஸ்களை இடம் மாற்றும் விதங்களைக் குரூப் தியரிப்படி கட்டப்படங்களாகப் பிரித்துப் பார்த்தேன். "சரத்த எண்ணாதடி, படத்த எண்ணு. கலர் மூணுன்னா, அதான் மேட்ரிக்ஸ் மூணுக்கு மூணுன்னா, மூணு வரிசைக்கு மேல போற படமெல்லாம் பூஜ்யம். அடிச்சிடு" என்றேன். அடித்தாய். எண்ணிக்கை பொருந்திவிட்டது. டீ கொட்டியதைக்கூடப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டாய்.

பிறகு என் அப்பா படுத்த படுக்கையானார். ஆறு மாதம் விடுப்பு. அதற்குள் கட்டுரை வந்துவிட்டது, உன் பெயரில் மட்டும். நம் துறையில் பெயர்களை அகரவரிசையில் போடுவதுதான் வழக்கம், யார் பெரியவர் என்ற பேச்சே வராது. அந்த வரிசையிலும் எனக்கு இடமில்லை. கடைசியில், பயனுள்ள உரையாடல்களுக்கு நன்றி என்று ஒரு வரி. அதில் நான்.

"அப்பாவப் பாத்துக்கினு இருந்த, தொல்ல பண்ண வேணாம்னு உட்டுட்டேன். அடுத்ததுல சேத்துக்கலாம்டி" என்றாய். உரையாடலாம், பயனுள்ளதாம்! அந்தக் கட்டுரையால் உனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. நான் இந்த ஊரிலேயே முதலாண்டு மாணவர்களுக்கு ஊசல் ஆட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

யார் சொன்னது என்பதை மறந்திருப்பாய் என்று நினைத்து இத்தனை வருஷம் மனசை ஆற்றிக்கொண்டேன். நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அடித்த படத்தின் பக்கத்தில் உன் கையெழுத்தில் என் பெயர், கீழே "இவ சொன்னது". படுபாவி, நீ மறக்கவே இல்லை.

கடைசிப் பக்கங்களில் மூன்று வகை மேட்ரிக்ஸ்களுக்கான கணக்கைப் பாதியில் விட்டிருந்தாய். இரண்டு மாதம் உட்கார்ந்து முடித்தேன். இன்று காலை, கட்டுரையின் கடைசியில், பயனுள்ள உரையாடல்களுக்கு நன்றி என்று தட்டி, உன் பெயரையும் தட்டினேன். மனசு கேட்கவில்லை. அழித்துவிட்டு மேலே, என் பெயரோடு சேர்த்துப் போட்டேன். அகரவரிசைப்படி உன் பெயர்தான் முதலில் வருகிறது.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி உன்னுடையது என்று எனக்குத் தெரியும், அதனால் போட்டேன். உனக்கும் அன்று தெரிந்துதானே இருந்தது.