கண்ணில் ஊர்ந்த புழு

மைனி,

இன்று காலை குளித்துவிட்டு வந்ததும் வலது இமைக்குள் ஏதோ ஊர்ந்தது போல இருந்தது. ஈர முடியின் நுனி பட்டிருக்கலாம். ஆனாலும் வெளிச்சம் தேடி வாசலுக்கு ஓடினேன். உங்களைத்தான் தேடினேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது என்பது பிறகுதான் உறைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், குழித்துறைப் பக்கம் நீங்கள் அண்ணனைக் கட்டி வந்த வீட்டில் நான் இருந்த நாட்கள். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கண் சிவந்து தடித்தது. உள்ளே எதுவோ நெளிகிறது என்றேன். அண்ணன் பார்த்தார், ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டு அக்காள் பார்த்தாள், ஒன்றும் இல்லை. பெண்ணுக்குப் பயக்கோளாறு என்று பேச்சு கிளம்பியது. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

நீங்கள் மட்டும் வெளிச்சத்தில் என் முகத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றீர்கள். உங்கள் விரல்கள் சட்டென்று இறுகின.

"இவ சொல்லது நெசந்தான். வெள்ளையா, நூலு மாதிரி. இப்ப உள்ள போயிற்று."

அண்ணன் வெளிறிப்போனார். "கல்யாணம் முடியது வரைக்கும் ரெண்டுவேரும் வாய் மிண்டாம இருங்க. வெளிய தெரிஞ்சா இவள யாரு கெட்டுவான்?"

"கண்ணு போனா மட்டும் கெட்டுவானா?" என்று கேட்டீர்கள். மறுநாளே என்னை பஸ்ஸில் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். அது வெளியே வரவில்லை. சொட்டு மருந்து எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் எழுந்துவிட்டேன். நீங்கள் என்னை வெளி வராந்தாவில் உட்கார்த்தி, எதிரே உட்கார்ந்துகொண்டீர்கள்.

"அது வாறது வரை நாம போவல்ல, மக்கா."

வெயில் ஏறியது. கொண்டுவந்த சோற்றை நீங்கள் பிரிக்கவே இல்லை. போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். அது வராமலே போய்விடுமோ என்று இன்னொரு பயம். மூக்கை ஒட்டிய ஓரத்தில் கண்ணுக்குள் சுரீர் என்றது. நான் சொல்லும் முன்பே அதைக் கண்டு நீங்கள் உள்ளே ஓடிவிட்டீர்கள்.

"சாரே, இப்பம் வாங்க. இப்பம் வரல்லேண்ணா போயிரும்."

இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுக்காமலே வந்தார். பார்த்ததும் அவர் பேச்சு நின்றது. கண் மரத்துப்போக மருந்து விட்டார். அசையாதே என்றார். என் தலையை உங்கள் மடியோடு சேர்த்துப் பிடித்திருந்தீர்கள். டாக்டர் கண்ணின் மேல்தோலைச் சிறிதாகக் கீறி, இடுக்கியால் அதைப் பிடித்தார். வெளியே எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டபோது அது உயிரோடு சுருண்டு நெளிந்தது. தையல் நூல் போல மெலிந்த புழு.

நாய்களுக்கு வரும் புழு, நாயைக் கடித்த கொசு மனிதனையும் கடித்தால் அபூர்வமாக இப்படி வரும் என்றார் டாக்டர்.

"இனியும் உள்ள கெடக்குமா சாரே?"

"பெரும்பாலும் ஒண்ணுதான் இருக்கும்."

அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லோடுதான் நாம் பஸ் ஏறினோம்.

செய்தி பரவி அந்தச் சம்பந்தம் நின்றது. அண்ணன் உங்களோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்து என்னைப் பார்க்க வந்தவரிடம் நீங்களே முதலில் புழுவைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் என்னைப் பார்த்து, "இப்பம் வலி உண்டா?" என்று மட்டும் கேட்டார். அவரைத்தான் கட்டினேன்.

ஆனால் பயம் என்னோடேயே வந்தது. கண் லேசாகச் சிவந்தாலும் உங்களிடம் ஓடி வருவேன். நீங்கள் வாசலுக்குக் கூட்டிப்போய், இமையை விலக்கி, நிதானமாகப் பார்ப்பீர்கள். "ஒண்ணும் இல்ல, போ" என்பீர்கள். அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

கடைசியில் உங்கள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. வந்தவர் யார் என்பதைக் குரலை வைத்துத்தான் அறிந்தீர்கள். அப்போதும் நான் கட்டிலருகே வந்ததும், "ஏட்டி, கண்ணைக் காட்டு" என்று கேட்டு, என் முகத்தைத் தடவி இமையை விலக்கினீர்கள். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தீர்கள்.

"ஒண்ணும் இல்ல மக்கா."

உங்களுக்கு எதுவும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். இப்போது பயம் வரும்போதெல்லாம் 'ஒண்ணும் இல்ல மக்கா' என்று உங்கள் குரலில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நான் சொன்னால் பாதிதான் நம்ப முடிகிறது, மைனி.