உன் கம்பளிக்குள்ள சோயா

ஜெய்புன்னிசா, சலாம்.

என் கொலஸ்ட்ராலுக்காக, கறிக்குப் பதிலா நீ புளிக்க வெச்ச சோயாவைப் பூசணம் புடிச்சுப்போச்சுன்னு குப்பையில கொட்டினேன். நீயும் கோவிச்சுக்கிட்டு கோயமுத்தூர்ல உங்க அக்காகிட்டப் போயிட்ட. அதுக்குப் பேரு டெம்பேயாம், புளிச்ச சோயா அப்படித்தான் வெள்ளையாப் பூக்கும்னு இப்பத்தான் தெரியுது.

நானே மூணு தடவை செஞ்சு பாத்தேன். ஊட்டிக் குளிர்ல பூக்கவே மாட்டேங்குது. நாலாவது பொட்டலத்தைக் கட்டில்ல நீ படுக்கிற பக்கம் வெச்சு, உன் கம்பளியைப் போத்தி, சுடுதண்ணிப் பையை அணைச்சு வெச்சேன். ஜம்முன்னு பூத்துருச்சு!

மிளகு போட்டு வறுத்தேன். சத்தியமா கறி மாதிரி இல்லை. ஆனா தட்டு காலி. நீ போனதுலருந்து கறிக்கடைப் பக்கமே போகலை. பெல்ட்டு ஒரு ஓட்டை உள்ளே போயிருச்சு.

அடுத்த பொட்டலமும் அங்கேதான் தூங்குது. வெள்ளிக்கிழமை எடுத்துருவேன். அப்புறம் உன் பக்கம் ஆறிப்போயிரும், பாத்துக்க.

இப்படிக்கு,
குப்பையில கொட்டின ஆளு