காலை விலை, மாலை விலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா முழங்கால் வலியைத் தவிர நலம், இஸ்திரிப் பெட்டியும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. குட்டிக்கு இருமல் விட்டதா, எழுது.

நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டை தேய்க்கப் பத்து ரூபாய் வாங்கினால் கரண்ட் பில்லுக்கும் வாடகைக்குமே போய்விடும், பதிமூன்றாக்குங்கள், அப்படியும் தேறவில்லையென்றால் கடையை மூடிவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்றாய். பெற்ற மகள் கூப்பிடுகிறாள், சந்தோஷம்தான். ஆனாலும் என் கடையை விட்டுவிட்டு உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன் என்று அன்றைக்கு உன்னிடம் கேட்கவில்லை. சரியென்று விலையைக் கூட்டினோம். கூட்டிய வாரமே காலையில் நான் கடையில் நிற்கும் நேரத்தில் கூட்டம் நின்றுபோனது, சூடான பெட்டியை வைத்துக்கொண்டு ஈ ஓட்டினேன். சாயங்காலம் உன் அப்பா வந்து நின்றால் மட்டும் மூட்டை மூட்டையாக வரும். அவருக்குக் கைராசி என்று பெருமை வேறு பேசினேன், என் புத்தியை என்ன சொல்ல! வசூலோ முன்பு இருந்த இடத்திலேயே நின்றது. இனி இழுத்துப் பயனில்லை, காலி செய்கிறோம் என்று கட்டிடச் சொந்தக்காரரிடம் சொல்லக் கிளம்பியேவிட்டேன். வழியில் நம் வாடிக்கைக்கார நர்ஸ் பெண் துணிப்பையோடு எதிரே வந்தாள். ஏம்மா இப்போதெல்லாம் காலையில் வருவதில்லை என்று கேட்டேன். அவள் வெகுளியாக, சாயங்காலம் அண்ணன் கடையில இருக்கும்போது குடுத்தா பழைய விலைதானேக்கா, அதான் என்றாள். அப்படியே கடைக்குத் திரும்பிவிட்டேன்.

வந்து கேட்டால் உன் அப்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டு, தெரிஞ்ச முகத்தைப் பாத்து எப்படிக் கூடக் கேக்கிறது, வாய் வரமாட்டேங்குது என்கிறார். நம் தெருவில் அவருக்குத் தெரியாத முகம் ஏது சொல்லு! நான் கத்தவில்லை, நம்பினால் நம்பு. ஒரு அட்டையைக் கொடுத்து அவர் கையாலேயே புது விலையைப் பெரிதாக எழுத வைத்தேன். நீங்க வாயே திறக்க வேணாம், விரலை மட்டும் நீட்டுங்க என்றேன். முதல் நாள் நர்ஸ் வந்தபோது கூரையைப் பார்த்தபடி விரலை நீட்டினார், அவள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனாள். மாடி வீட்டு வக்கீல் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர்தான், இன்னும் வரவில்லை. அன்றைக்கு உன் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. சிலர் சட்டையை மட்டும் கொடுத்துவிட்டு கால்சட்டையை வீட்டிலேயே தேய்த்துக்கொள்கிறார்கள். நூறு துணி வந்த இடத்தில் இப்போது எண்பதுதான் வருகிறது. ஆனால் கையில் நிற்பது முன்னைவிடக் கூடுதல், பில்லும் குறைந்திருக்கிறது. மிச்ச நேரத்தில் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிறார். நீ சொன்னது சரிதான், உன் அப்பாவைக் கணக்கில் சேர்க்காமல் சொல்லிவிட்டாய், அவ்வளவுதான்.

ஆகையால் கடையை மூடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வருகிறோம், குடியிருக்க இல்லை, விருந்தாளியாகப் பத்து நாள். மாப்பிள்ளையின் சட்டைகளைத் தேய்க்காமல் வை, உன் அப்பாவால் சும்மா இருக்க முடியாது. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். இதை எழுதும்போதே வெளியே அவர் குரல் கேட்கிறது. விலை கேட்க வாய் வராத மனுஷன், கடை பத்து நாள் லீவு, பேத்தியப் பாக்கப் போறோம் என்று போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் வாசலை நினைத்தபடி,
அம்மா