பொதுச் சுவர்

12 மார்ச் 1958, புதன்
உத்தனப்பள்ளி

வீட்டுக்கு மின்சாரம் இழுக்கும் வேலை இன்று ரத்தத்தில் நின்றது. எனக்கும் தம்பி முனிராஜுக்கும் பொதுவான சுவரில், கம்பி போகும் இரும்புக் குழாயைப் பதிக்க வயர்மேன் யூசுப் நீளப் பள்ளமாகக் காடி வெட்டினான். என் பழைய மாணவன். உளி தம்பியின் பக்கம் துளைத்துக்கொண்டு போய்விட்டது. சுவரெல்லாம் கரண்டு பாயும் என்று கத்திக்கொண்டு தம்பி கடப்பாரையோடு ஓடி வந்தான்.

"வாய்க்கால்ல தண்ணி போற மாதிரிதான்டா. கரண்டு குழாய்க்குள்ளயே போயிரும்" என்றேன்.

"பாடத்தைப் பள்ளிக்கூடத்துல வச்சுக்க, வாத்தியாரே! என் செவுத்தைத் தொட்டவன் மண்டையைப் பொளக்காம விடமாட்டேன்."

யூசுப்பின் தலைக்கு நேராக ஓங்கினான். கீழே கிடந்த குழாயை எடுத்து நான் அடித்தேன். தம்பி விழுந்த பிறகும் அடித்தேன். முழங்கை முறிந்த சத்தம் கேட்டது.

"போதும் சார்! செத்துருவாரு சார்!" என்று யூசுப்தான் என்னைக் கட்டிப் பிடித்து நிறுத்தினான். வகுப்பில் ஒருநாளும் பிரம்பெடுக்காதவன் நான்.

ஆஸ்பத்திரியில் தம்பி, வயர்மேன்தான் அடித்தான் என்று போலீசிடம் சொல்லிவிட்டானாம். அண்ணன் அடித்தான் என்று சொல்ல வெட்கமா, என்னைக் காப்பாற்றவா, தெரியவில்லை. யூசுப்பை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

விடியட்டும் என்கிறாள் மனைவி. விடிவதற்குள் அவனை என்ன செய்வார்களோ. சட்டையை மாட்டிக்கொண்டேன். போய்ச் சொல்லிவிடுகிறேன்.