ஊருக்குப் போக மிச்ச நேரம்

கரிக்கலாம்பாக்கம்
3-2-2025

என் ராஜ்ஜியத்தில் பாதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போய்விட்ட அருளுக்கு,

உன் மாமன் அய்யனார் நலம். போனில் பேசினால் சிரிக்கவைத்து ஏமாற்றிவிடுவேன் என்று என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். எதுவானாலும் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்பது உன் உத்தரவு. பால் வண்டி பிரிட்டோ கொண்டுவந்து தருவான். இதன் கனத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் நான் பொறுப்பில்லை.

குளியலறைக்குக் கதவு வைத்தால்தான் திரும்பி வருவேன் என்றாய். நம் கல்யாணம் ஆனதிலிருந்து பழைய புடவையைத் தொங்கவிட்டுக் குளிப்பவள் கேட்பது நியாயம்தான். ஆகவே இன்று முதல் நேரத்தை அடக்கி ஆள்வதென்று சபதம் எடுத்தேன். சேவலை நான் எழுப்பினேன். வேலை போய்விட்டதோ என்று பாவம் அது பதறிவிட்டது. வயலுக்குத் தண்ணீர் விட்டேன். பலகையை எடுத்துப் போட்டு அறுக்க உட்கார்ந்தேன். ரம்பம் மரத்தில் படுவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வயல்காரர் சின்னப்பிள்ளை.

"இன்னா அய்யனாரு, மோட்டாரு ஓட மாட்டேங்குது. ஒரு நிமிசம் வந்துட்டுப் போயேன்பா."

நல்ல கொழுத்த நிமிஷம் அது. சாயங்காலம் வரை மேய்ந்தது. திரும்பும்போது வயல் முழுக்க வெளிச்சம் மஞ்சளாகக் கரைந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்றுவிட்டேன். காலையில் எழுந்தபோது பாகூர் ஏரி அளவுக்கு நேரம் தளும்பிக் கிடந்தது, அருளு. எந்த மதகு வழியாக வடிந்ததென்றே தெரியவில்லை.

கதவு நாளைக்கு.

உன் மாமன்,
அய்யனார்

*

ஒதியம்பட்டு
8-2-2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

எந்த மதகு என்று நான் சொல்கிறேன். உங்கள் வாய்தான். யார் கூப்பிட்டாலும் "தோ வந்துட்டேன்" என்கிறதே, அதுதான். ஊருக்கெல்லாம் கொடுத்தது போக மிச்சம் இருக்கும் நேரத்தைத்தான் எனக்கு என்று வைக்கிறீர்கள். மிச்சம் இருந்ததே இல்லை. எழுந்ததும் தொடுகிற முதல் வேலை நம் வீட்டு வேலையாக இருக்கட்டும். அது முடிந்த பிறகு யார் மோட்டாரை வேண்டுமானாலும் பாருங்கள்.

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குகிறார்களாம். சரி என்று சொன்னால் அக்கா வீட்டோடு இருந்துவிடலாம் என்று ஒரு எண்ணம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அருள்மொழி

*

கரிக்கலாம்பாக்கம்
20-2-2025

பேக்கிங் உலகின் பேரரசிக்கு,

கதவு நிலையில் ஏறி நின்றுவிட்டது.

மறுபடி சின்னப்பிள்ளை வந்தார். "வூட்டு வேலை முடிச்சிட்டுத்தான் வருவேன்" என்றேன். ஊரே மூச்சை நிறுத்தியது. தென்னையிலிருந்து இரண்டு காகம் மயங்கி விழுந்ததாகக் கேள்வி. அவர் திரும்பிப் போய், மோட்டாரைத் தானே சரிசெய்துவிட்டார். அதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

உன் யோசனை பொல்லாத யோசனை. முதல் வேலையை முதலில் முடித்தால் நாளுக்குள் இன்னொரு நாள் பிறக்கிறது. கதவை முடித்தேன், கூரை ஒழுகலை அடைத்தேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அப்படியும் பொழுது மீந்து கிடந்தது. கதவின் பலத்தைச் சோதிக்க யானைதான் கிடைக்கவில்லை.

எப்போது வருகிறாய்? பிரிட்டோவைக் காலி வண்டியோடு அனுப்பட்டுமா?

உன் மாமன்,
அய்யனார்

*

ஒதியம்பட்டு
1-3-2025

மாமாவுக்கு,

கதவு வைத்ததைக் கேட்டு மனசு நிறைந்தது. மெய்யாகத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி வேன் என்னை ரோட்டில் இறக்கிவிடும். நேராக வீட்டுக்குப் போவதில்லை. சங்கராபரணி கரையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். முதல் நாள் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. இப்போது தெரிகிறது, மடியில் சும்மா வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் நகர்கிறதா, நான் நகர்கிறேனா என்று புரியாத மாதிரி ஒரு நேரம் வரும். நாணல் அசையும். யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நம் வீட்டில் எனக்கு இப்படி ஒரு நேரம் இருந்ததே இல்லை, மாமா. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் கதவு கேட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். திரும்பி வருவதை இன்னும் யோசிக்கவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை.

அருள்மொழி

*

கரிக்கலாம்பாக்கம்
4-3-2025

அருளு,

பலமுறை எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் எப்படியோ யானை வந்துவிட்டது. இதில் இல்லை.

உனக்கு ஒரு நேரம் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலையை முடித்துக் காட்டினால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரைக்கு வரட்டுமா? கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன். வாயைத் திறக்க மாட்டேன். நீ எழுந்து போகும்போது நான் பஸ் ஏறிவிடுவேன்.

அய்யனார்

*

ஒதியம்பட்டு
6-3-2025

மாமா,

வாங்க. தள்ளி உட்கார வேண்டாம்.

அருளு